கணக்குப் போட்ட குதிரை

உளவியல் படிக்கிறவங்க எல்லாரும் ஆராய்ச்சிமுறைன்னு ஒரு பேப்பர் எழுதியே ஆகணும். ஃப்ராய்டு, கனவு, ஆழ்மனம் என்று ஆசையாக வந்து சேர்ந்த பிள்ளைகள் கையில் கருதுகோள், கட்டுப்பாட்டுக் குழு, தரவு சேகரிப்பு என்று கொடுத்தால் முகம் எப்படி இருக்கும்? விளக்கெண்ணெய் குடித்த மாதிரிதான். அந்தப் பேப்பருக்குப் பின்னால் ஒரு குதிரை நிற்கிறது, அதன் பக்கத்தில் மனசு உடைந்துபோன ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் நிற்கிறார் என்று முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆர்வமாகப் படித்திருப்பார்கள். யாரும் சொல்லாததால் நான் சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

வாத்தியார் பேர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன். பெர்லின்காரர். மனுஷப் பிள்ளைகளுக்கு வருகிற படிப்பு மிருகங்களுக்கும் வரும், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை என்பது அவருடைய நம்பிக்கை. டார்வின் எழுதியதைப் படித்துவிட்டு ஐரோப்பாவே மனுஷனுக்கும் மிருகத்துக்கும் நடுவில் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் இதை வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. முதலில் ஒரு குதிரையை வைத்து முயற்சி செய்தார், அது செத்துப்போனது. பிறகு ரஷ்ய ஓர்லோவ் இனத்துக் குதிரை ஒன்றை வாங்கினார். அதுதான் நம்ம கதாநாயகன் ஹான்ஸ். வடக்கு பெர்லினில் தன் வீட்டு முற்றத்தில் கரும்பலகை, மணிச்சட்டம், மரக்கட்டைகள், எழுத்து அட்டை எல்லாம் வைத்துக்கொண்டு ஏறக்குறைய நாலு வருஷம் அதுக்குப் பாடம் நடத்தினார். சரியாச் சொன்னா ரொட்டித் துண்டு, காரட். தப்பாச் சொன்னா வாத்தியாருக்குக் கோபம் வரும். கணக்கு வாத்தியார்னா அப்படித்தானே!

1904-ல் பெர்லின் முழுக்க ஹான்ஸ் பேச்சுதான். கேள்வி கேட்டால் வலது முன்னங்காலால் தரையைத் தட்டிப் பதில் சொல்லும். கூட்டல், கழித்தல், பெருக்கல், பின்னக்கணக்கு எல்லாம் உண்டு. கடிகாரம் பார்த்து மணி சொல்லும். வந்திருப்பவர்களில் எத்தனை பேர் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும். எழுத்துக்களை வரிசை வரிசையாக அட்டையில் எழுதி, எந்த வரிசை, அதில் எத்தனாவது எழுத்து என்று தட்ட வைத்து வார்த்தைகூட எழுத வைத்தார். 'செவ்வாய்க்கிழமை எட்டாம் தேதின்னா அடுத்து வர்ற வெள்ளிக்கிழமை என்ன தேதி?' என்று கேட்டால் பதினொரு தட்டு. (ஒரு நிமிஷம் விரலை மடக்கினீங்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க.) அந்த வருஷம் செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தி போய்விட்டது.

நம்மூர்க்காரங்களுக்கு இந்த இடத்தில் பூம்பூம் மாடு ஞாபகம் வரும். 'இந்த வீட்டு அம்மாவுக்கு நல்ல காலம் பொறக்குமா சொல்லு' என்று மாட்டுக்காரர் கேட்பார். உறுமியில் ஒரு இழுப்பு, கயிற்றில் ஒரு அசைவு, மாடு தலையை ஆட்டும், அம்மா முறத்தில் அரிசி கொண்டுவருவார். மாட்டுக்காரர் சைகை கொடுக்கிறார் என்பது மாட்டுக்காரருக்குத் தெரியும். அரிசி போடுகிற அம்மாவுக்கும் தெரியும், மனசு நிறைவுக்குப் போடுகிறார். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஃபான் ஓஸ்டன் விஷயம் வேறு. அவர் ஒரு காசுகூட வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க எல்லாரும் இலவசமாக வரலாம். அவர் கேட்டதெல்லாம், விஞ்ஞானிகள் வந்து தன் குதிரையைப் பரிசோதித்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதுதான். பித்தலாட்டக்காரன் பரிசோதனையைக் கண்டால் ஓடுவான். இவரோ வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முழு நேர்மையான மனுஷர். இந்தக் கதையில் முக்கியமான சமாசாரமே அதுதான், ஞாபகம் வெச்சுக்குங்க.

செப்டம்பர் 1904-ல் 13 பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. தலைமை கார்ல் ஸ்டும்ஃப், பெர்லின் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர். அவரோடு மிருகக்காட்சிசாலை இயக்குநர், கால்நடை மருத்துவர், பள்ளி ஆசிரியர், இவர்களோடு ஒரு சர்க்கஸ் முதலாளியும். சர்க்கஸ் முதலாளியைச் சேர்த்த மூளையைப் பாராட்டணும். மிருகங்களுக்குச் சைகை கொடுத்துப் பழக்குகிற எல்லாத் தந்திரமும் தெரிந்தவர் அவர்தானே. வாத்தியாரின் கை, கால், கண் என்று ஆளுக்கொரு பக்கம் உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வாத்தியார் இல்லாதபோது வேறு ஆட்கள் கேட்டாலும் ஹான்ஸ் பதில் சொன்னது. அப்படி இருக்க, வாத்தியார் திருட்டுத்தனமாகச் சைகை கொடுக்கிறார் என்று எப்படிச் சொல்வது? 'இங்கே தெரிந்தே செய்யும் தந்திரம் எதுவும் இல்லை, இது மேற்கொண்டு தீவிரமாக ஆராயப்படவேண்டிய விஷயம்' என்கிற மாதிரி அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்திரிகைகள் என்ன செய்திருக்கும்? குதிரை யோசிக்கிறது, விஞ்ஞானிகள் ஒப்புதல்! பத்திரிகை எல்லா ஊரிலும் பத்திரிகைதான்.

ஸ்டும்ஃப் அதோடு விடவில்லை. தன் ஆய்வுக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவரை இந்த வேலைக்கு விட்டார். (ஜெர்மன் பேரைத் தமிழில் எழுதுவது இருக்கே, அது தனி ஆராய்ச்சி.) அவர் செய்த முதல் நல்ல காரியம், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஒதுக்கியது. முற்றத்தில் கூடாரம் அடித்து அதற்குள் குதிரை, கேள்வி கேட்பவர், குறிப்பெடுப்பவர் என்று வைத்துக்கொண்டார். ரெண்டாவது நல்ல காரியம், கேள்வியை மாற்றியது. அதுவரை வந்த எல்லாரும் 'குதிரைக்குப் பதில் தெரியுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் 'கேட்கிறவருக்குப் பதில் தெரியுமா?' என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் பொறுமையும் குறிப்பேடும்.

எண் எழுதிய அட்டைகளை எடுத்துக்கொண்டார். ஒரு தடவை அட்டையில் என்ன எண் என்று கேட்பவருக்குத் தெரியும்படி காட்டுவார், இன்னொரு தடவை அவருக்குத் தெரியாமல் குதிரைக்கு மட்டும் காட்டுவார். தெரிந்தபோது ஹான்ஸ் 98 சதவீதம் சரி. தெரியாதபோது 8 சதவீதம். அடுத்தது கூட்டல். வாத்தியார் குதிரையின் காதில் ஒரு எண்ணை ரகசியமாகச் சொல்வார், ஃபுங்ஸ்ட் இன்னொரு எண்ணைச் சொல்வார். ரெண்டையும் கூட்டினால் என்ன என்பது குதிரையைத் தவிர முற்றத்தில் யாருக்கும் தெரியாது. 31 தடவை கேட்டதில் 3 சரி. அதே கூட்டலைக் கேட்பவருக்குத் தெரியும்படி வைத்து 31 தடவை கேட்டதில் 29 சரி.

அப்புறம் குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் பெரிய மறைப்புகளைக் கட்டினார். கேட்பவரைப் பார்க்க முடிந்தபோது 89 சதவீதம் சரி. பார்க்க முடியாதபோது 6. அந்தச் சமயங்களில் ஹான்ஸ் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பவரைப் பார்க்கத் தவித்ததாம். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. எண்ணச் சொன்ன தொப்பிகளையோ, படிக்கச் சொன்ன அட்டையையோ ஹான்ஸ் பார்க்கவே இல்லை என்பதையும் ஃபுங்ஸ்ட் கவனித்தார். அது நாலு வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பாடத்தைத்தான். வாத்தியாரை!

அப்படி என்னதான் பார்த்தது? கேள்வி கேட்டு முடித்ததும் நாம் இயல்பாகக் குதிரையின் காலைப் பார்க்கக் கொஞ்சம் குனிகிறோம். அந்தக் குனிவு ஹான்ஸுக்கு 'தட்ட ஆரம்பி'. தட்டு எண்ணிக்கை சரியான விடையை நெருங்க நெருங்க நமக்குள் ஒரு இறுக்கம் ஏறுகிறது. விடை வந்ததும் அது தளர்ந்து தலை துளி மேலே போகிறது. மில்லிமீட்டர் கணக்கில்தான். அந்தத் துளி 'நிறுத்து'. பக்கத்தில் நின்ற 13 கெட்டிக்கார மனுஷர்களுக்குத் தெரியாத அந்த அசைவு, ரொட்டித் துண்டுக்காக நாலு வருஷம் உற்றுப் பார்த்த ஒரு குதிரைக்குத் தெரிந்தது. கண்டுபிடித்ததும் ஃபுங்ஸ்ட் கேள்வியே கேட்காமல் வெறுமனே குனிந்து பார்த்தார், ஹான்ஸ் தட்டியது. நிமிர்ந்தார், நிறுத்தியது. கேள்விக்கும் கணக்குக்கும் அங்கே வேலையே இல்லை.

சாதாரண ஆளாக இருந்தால் இதோடு கட்டுரை எழுதப் போயிருப்பார். ஃபுங்ஸ்ட் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய், தானே குதிரை ஆனார். எதிரே ஒருவரை உட்காரவைத்து, 'மனசுக்குள் ஒரு எண் நினைச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டு, கையால் மேசையைத் தட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பார். தலை அசைந்ததும் நிறுத்துவார். 25 பேரை வைத்துச் செய்ததில் ரெண்டு பேரைத் தவிர எல்லாரிடமும் அந்த அசைவு இருந்தது. தாங்கள் அசைகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. விஷயம் தெரிந்த பிறகு அசையாமல் இருக்கப் பார்த்த ஃபுங்ஸ்டாலேயே அதை முழுசாக அடக்க முடியவில்லை. ஆக, இது குதிரையைப் பற்றிய கண்டுபிடிப்பே இல்லை. கேள்வி கேட்கிற மனுஷனைப் பற்றியது.

டிசம்பர் 1904-ல் ஸ்டும்ஃபின் அறிக்கை வந்தது. ஃபுங்ஸ்டின் புத்தகம் 1907-ல். ரெண்டிலும் வாத்தியாரை மோசடிக்காரர் என்று சொல்லவில்லை, வேண்டுமென்று அவர் எதுவும் செய்யவில்லை என்றுதான் இருக்கிறது. ஆனா அந்த மனுஷருக்கு அது ஆறுதலா? நான் அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தேன். திருடன் என்று சொல்லியிருந்தால் 'நான் திருடன் இல்லை' என்று சண்டை போடலாம். 'நீங்க நல்லவர்தான், ஆனா நாலு வருஷமா நீங்க பேசினது உங்களோடதான்' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? மேற்கொண்டு பரிசோதனை வேண்டாம் என்று வாசலைச் சாத்தினார். ஊர் ஊராகக் கேட்டு அழைத்த விஞ்ஞானம் வந்து தன்னைக் கொள்ளையடித்துவிட்ட மாதிரி அவருக்கு இருந்திருக்கணும். 1909-ல் செத்துப்போனார். குதிரை கார்ல் க்ரால் என்ற எல்பர்ஃபெல்டு நகர நகை வியாபாரியிடம் போனது. அவர் இன்னும் சில குதிரைகளைச் சேர்த்துக்கொண்டு வர்க்கமூலம், கனமூலம் என்று இறங்கி, 1912-ல் மிருகங்கள் யோசிக்கின்றன என்று தடி புத்தகம் போட்டார். ஃபுங்ஸ்டின் புத்தகம் வந்து அஞ்சு வருஷம் ஆகியும்! நம்ப ஆசைப்படுகிறவர்களை 8 சதவீதம் என்ற எண் என்ன செய்துவிடும்?

இந்த 'தெரியாமல் வைத்துக் கேட்பது' ஃபுங்ஸ்டுக்கு முன்பே இருந்தது. 1784-ல் பாரிஸில் மெஸ்மரின் 'விலங்குக் காந்தம்' ஊரை ஆட்டிப்படைத்தபோது, அரசர் போட்ட குழுவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் லவாய்சியேயும் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் டெஸ்லான், ஃப்ராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்த சக்தி ஏற்றினார். கண்ணைக் கட்டிய 12 வயசுப் பையனை ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். நாலாவது மரத்தில் பையன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் அது இல்லை, அது இன்னும் தள்ளி இருந்தது. அங்கே கண்ணைக் கட்டியது சோதனைக்கு உட்பட்டவனுக்கு. பெர்லினில் ஃபுங்ஸ்ட் கட்டியது கேள்வி கேட்பவருக்கு. இந்த ரெண்டாவது கட்டுதான் மனுஷ ஈகோவுக்கு ரொம்பக் கஷ்டம்.

ஃபுங்ஸ்டின் புத்தகம் அதுக்கப்புறம் அரை நூற்றாண்டு, மிருகங்களை ஆராய்கிறவர்களுக்கான எச்சரிக்கையாகத்தான் கிடந்தது. மனுஷனை ஆராய்கிறவர்கள் அது தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். ராபர்ட் ரோசன்தால் என்ற அமெரிக்கர்தான் அதைத் தூசி தட்டி எடுத்தார். அவருக்குப் பொறி தட்டியது தன் சொந்த ஆய்வேட்டில். 1956-ல் முனைவர் பட்டத்துக்கான தரவைப் புரட்டிப் பார்த்தால், சோதனையை ஆரம்பிக்கும் முன்பே குழுக்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது. அதுவும் தன் கருதுகோளுக்குச் சாதகமான பக்கம். தானே தெரியாமல் தலையை அசைத்திருக்கிறோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பட்டம் கிடைக்கப்போகிற நேரத்தில் இந்தச் சந்தேகம் வருகிற ஆளைக் கும்பிடணும்.

ரோசன்தாலும் ஃபோடும் 1963-ல் வெளியிட்ட எலிச் சோதனை பிரசித்தம். 12 மாணவர்கள், ஆளுக்கு 5 எலி. பாதிப்பேரிடம் 'உங்க எலி பரம்பரை புத்திசாலி' என்றார்கள், மீதிப்பேரிடம் 'உங்களுடையது பரம்பரை மக்கு' என்றார்கள். எல்லாமே ஒரே மாதிரி சாதாரண எலி. அஞ்சு நாள் வழித்தடச் சோதனையில் 'புத்திசாலி' எலிகள் ஜெயித்தன. 'மக்கு' எலிகள் 29 சதவீத முறை இடத்தை விட்டே நகரவில்லை, 'புத்திசாலி'கள் 11 சதவீத முறைதான். மாணவர்கள் யாரும் பொய் எழுதவேண்டிய அவசியமே இல்லை. புத்திசாலி என்று நினைத்த எலியை அன்பாக, மெதுவாகத் தூக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதையே பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் செய்து 1968-ல் ரோசன்தாலும் ஜேக்கப்சனும் போட்ட புத்தகம் இன்னும் பெரிய சலசலப்பு. அதில் வைத்த அறிவுத்தேர்வே சரியில்லை என்று அப்போதே பலமான விமர்சனம் வந்தது. அதனால் அதைத் தூக்கிப்பிடிக்க நான் வரலை. எலி போதும்.

நடுவில் ஒரு உள்ளூர் விஷயம். தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு உளவியல் முதுகலை ப்ராஜெக்டுக்காகக் கேள்விப் படிவத்தோடு வந்தது. வேலைக்குப் போகும் பெண்களின் மன அழுத்தம் என்று தலைப்பு. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கும்போது நானும் இருந்தேன். 'அக்கா, வேலை வீடு ரெண்டையும் பாக்குறது உங்களுக்குக் கஷ்டமாத்தானே இருக்கும்?' என்று கேட்டுவிட்டு, பேனாவை 'மிகவும் கஷ்டம்' கட்டத்துக்கு மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அக்கா முகத்தைப் பார்த்தது. அக்கா பேனாவைப் பார்த்தார், பொண்ணு முகத்தைப் பார்த்தார், 'ஆமாம்மா, ரொம்பக் கஷ்டம்' என்றார். அந்தப் பொண்ணு போனதும் என்னிடம், 'பாவம், தூரத்துல இருந்து வெயில்ல வந்திருக்கு, அது கேட்டதைச் சொல்லிட்டாப் போச்சு' என்றார். ஹான்ஸுக்கு ரொட்டித் துண்டு. நம்ம அக்காவுக்கு இரக்கம். இந்த ரெண்டாவதுக்கு எந்தக் கண் மறைப்பும் வேலை செய்யாது. படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்கணும்.

இதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெல்ஜியக் கதை. 1996-ல் நியூயார்க்கில் ஜான் பார்க் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதுமையை ஞாபகப்படுத்தும் வார்த்தைகள் கலந்த வாக்கியப் புதிரை இளைஞர்களுக்குக் கொடுத்தால், முடித்துவிட்டு வெளியே போகும்போது தாழ்வாரத்தில் மெதுவாக நடக்கிறார்கள் என்று. பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறிய ஆய்வு. 2012-ல் ஸ்டெஃபான் டோயன் குழுவினர் பிரஸ்ஸல்ஸில் இதைத் திரும்பச் செய்தார்கள். ஸ்டாப்வாட்ச் ஆளுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிர் வைத்து 120 பேரை அளந்தால், மெதுவும் இல்லை ஒன்றும் இல்லை. அப்புறம் ரெண்டாவது சோதனை. இந்தத் தடவை சோதனை நடத்துகிறவர்களையே ரெண்டாகப் பிரித்து, பாதிப்பேரிடம் 'புதிர் செஞ்சவங்க மெதுவா நடப்பாங்க' என்றும் மீதிப்பேரிடம் 'வேகமா நடப்பாங்க' என்றும் சொல்லி வைத்தார்கள். மெதுவாக என்று எதிர்பார்த்தவர்களிடம் வந்த இளைஞர்கள் நிஜமாகவே மெதுவாக நடந்தார்கள், கதிர்க் கருவியிலேயே தெரிந்தது. வேகம் என்று எதிர்பார்த்தவர்களின் கை ஸ்டாப்வாட்ச் வேகத்தைக் காட்டியது, கதிர்க் கருவியில் அப்படி எதுவும் இல்லை. ஜான் பார்க் கோபமாக மறுத்து எழுதினார். வாத்தியார்களுக்குக் கோபம் வருவது 1904-லிருந்து மாறவில்லை.

மோப்ப நாய்க் கதையும் இதே ரகம். 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர், போதைப்பொருளோ வெடிமருந்தோ கொஞ்சம்கூட வைக்காத ஒரு தேவாலயத்துக்குள் 18 நாய்களையும் அவற்றின் கையாளர்களையும் தேட விட்டார்கள். சரக்கு இருக்கும், சில இடத்தில் சிவப்புக் காகிதம் அடையாளம் என்று கையாளர்களிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். 144 தேடலில் 21-ல் மட்டும்தான் 'ஒண்ணும் இல்லை' என்ற சரியான பதில் வந்தது. காகிதத்தைப் பற்றி நாய்க்கு யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இதுவரை சிரித்துக்கொண்டே படிக்கலாம். இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பேச்சு வராத ஆட்டிசக் குழந்தையின் பெற்றோராக உங்களை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷமாக அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஒருநாள் ஒரு பயிற்சியாளர் வந்து, பிள்ளையின் கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகை மேல் வைக்கிறார். பிள்ளையின் விரல் எழுத்து எழுத்தாகப் போய் 'அம்மா உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று எழுதுகிறது. நீங்கள் இதை நம்புவீர்களா, புள்ளிவிவரம் கேட்பீர்களா? இதுக்குப் பேர் உதவியுடன் கூடிய தொடர்பாடல். 1970-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரோஸ்மேரி க்ராஸ்லி ஆரம்பித்தது. சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் அங்கே போய்ப் பார்த்து அசந்துபோய், 1990-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். காட்டுத்தீ மாதிரி பரவியது. பலகையில் கவிதை வந்தது, பாடம் வந்தது, பிள்ளைகள் சாதாரணப் பள்ளி வகுப்புகளுக்கு மாறினார்கள்.

பிறகு பலகையில் வேறு மாதிரி வாக்கியங்களும் வர ஆரம்பித்தன. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் விரல், தன் வீட்டு ஆட்களே தன்னிடம் தகாதபடி நடப்பதாக எழுதியது. வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள். இது போல அமெரிக்காவில் பல வழக்குகள். அப்பாக்கள் கைதானார்கள்.

மெய்ன் வழக்கில் ஹவர்டு ஷேன் என்ற பேச்சுமொழி நிபுணரை அழைத்தார்கள். அவர் செய்ததைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. பெண்ணுக்கு ஒரு படம் காட்டினார், கையைப் பிடிக்கும் உதவியாளருக்கு வேறு படம் காட்டினார். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. 'என்ன பார்த்தாய், எழுது.' உதவியாளர் பார்த்த படத்தின் பேர்தான் பலகையில் வந்தது. பெண் பார்த்தது ஒருதடவைகூட வரவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஓ.டி.ஹெக் மையத்தினர் இதையே 12 ஆட்டிசக்காரர்களையும் 9 உதவியாளர்களையும் வைத்துச் செய்து 1993-ல் வெளியிட்டார்கள். அந்த மையத்திலேயே இந்த முறையை நம்பிப் பயன்படுத்திக்கொண்டிருந்த உதவியாளர்கள் அவர்கள். ரெண்டு பேரும் வேறு வேறு படம் பார்த்த சந்தர்ப்பங்களில், கைபிடிக்கப்பட்டவர் பார்த்த படத்துக்கான சரியான பதில் எத்தனை? பூஜ்யம். 1994 ஆகஸ்டில் அமெரிக்க உளவியல் சங்கம், இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது.

ஃபுங்ஸ்டின் அட்டைச் சோதனைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. புத்தகம் 1907-லேயே வந்துவிட்டது, ஆங்கிலத்தில் 1911-ல், ரோசன்தால் முன்னுரையோடு மறுபதிப்பு 1965-ல். நூலகத்தில் இருந்தது. ஒரு மதியப்பொழுதில் முடிகிற இந்தச் சோதனையை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கு முன்னால் செய்யவில்லை, பின்னால் செய்தார்கள். ஏன் செய்யவில்லை என்றால், சோதிப்பது அந்தப் பிள்ளையை நம்பாதது மாதிரி ஆகிவிடும், அது அவமானம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆராய்ச்சிமுறைப் பேப்பரை வறட்டுப் பேப்பர் என்று சொல்கிற பிள்ளைகளிடம் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் காட்டணும் போல இருக்கு. வறட்சி எது, இரக்கம் எது? அந்தப் பிள்ளை நிஜமாக என்ன சொல்ல வருகிறது என்று கேட்கத் தெரிந்திருந்தவர் அந்த அறையில் ஷேன் ஒருவர்தான்.

உதவியாளர்கள் யாரும் வேண்டுமென்று எழுதவில்லை. பெரும்பாலும் சம்பளம் கம்மியான, பிள்ளைகள் மேல் நிஜமான பாசம் வைத்த ஆட்கள். விரல் தானாகப் போகிறது என்று அவர்களும் நம்பினார்கள். அந்த மெய்ன் வழக்கின் உதவியாளர், ஷேனின் சோதனையில் உட்கார்ந்தபோது பிள்ளைதான் எழுதுகிறது என்று உலகத்துக்குக் காட்டப்போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தார். முடிந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்குத் தன் கையாலேயே இதைச் செய்திருக்கிறோம் என்று. தன் பள்ளிக்கூட நிர்வாகத்திடம் போய் இந்த முறையை நிறுத்தச் சொன்னார். 2012-ல் நடந்தது அத்தனையையும் தன் பேரைப் போட்டே ஒரு ஆய்விதழில் எழுதினார். அதுக்கப்புறமும் வேறு வேறு பேர்களில் இந்த முறை தலைகாட்டும்போதெல்லாம் அதை எதிர்த்து எழுதிக்கொண்டிருக்கிறவர்களில் அவரும் ஒருவர்.

டிஸ்கி: ஃபுங்ஸ்டின் புத்தகம் காப்புரிமை தீர்ந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அட்டவணைகளைத் தாண்டிக் குதிக்காமல் படியுங்கள், குதிரை அவரைக் கடித்த கதையும் அதில் உண்டு.